அம்மாவுக்கு மறதி நோய். அவர் சார்பில் கையெழுத்துப் போடும் உரிமை யாருக்கு?

கோரையாறு (ஞாயிறு இரவு 10.40)

வணக்கம். நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். அம்மாவுக்கு 74 வயது. அப்பா தவறி ஆறு வருடம் ஆகிறது. இரண்டு வருடமாகவே மறதி இருந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விடுவார். வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். போன தை மாதம், அறுவடை சமயம், ஐம்பது வருடம் நடந்த களத்து வழியில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்று அழுதுகொண்டிருந்தார். அப்புறம்தான் தஞ்சாவூர் போய் நரம்பு டாக்டரைப் பார்த்தோம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு அல்சைமர் என்றார். இப்போது தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் "உங்கப்பா இன்னும் வயல்லேர்ந்து வரலையா" என்று கேட்கிறார்.

நாங்கள் மூன்று பேர். அண்ணன் திருப்பூரில், தம்பி சிங்கப்பூரில். நான் பக்கத்துத் தெருவிலேயே வாக்கப்பட்டவள். பார்த்துக்கொள்வது நான்தான். அம்மா பெயரில் ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நஞ்சையும் குடியிருக்கும் வீடும் இருக்கின்றன. கொள்முதல் நிலையத்தில் போட்ட சம்பா நெல்லுக்கான பணம் அம்மா கணக்கில் கிடக்கிறது. மேட்டூர் திறந்தாச்சு, குறுவைக்கு உழவு ஓட்டணும், விதை வாங்கணும். பணத்தை எடுக்க முடியவில்லை. அம்மா போடும் கையெழுத்து ஒவ்வொரு தடவையும் ஒரு மாதிரி வருகிறது.

போன மாதம் காய்ச்சல் என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "யார் கார்டியன், பேப்பர் இருக்கா" என்று கேட்டார்கள். நான் மகள் என்றேன். மகள் என்றால் போதாது என்றார்கள். இரவு முழுக்க மலம் மூத்திரம் அள்ளியவள் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது அண்ணன், ஆடி பிறந்துவிட்டால் பத்திரம் போட முடியாது, ஆனி முகூர்த்தத்துக்குள் அம்மாவை ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு அழைத்துப்போய் செட்டில்மென்ட் (சொத்தைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதும் பத்திரம்) எழுதி முடித்துவிடுவோம் என்கிறார். "ரேகை வைக்கிற நிலையில் இருக்கும்போதே முடிச்சிடணும்" என்று சொல்கிறார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கும் ஒரு பங்கு எழுதுவதாகத்தான் சொல்கிறார். ஆனால் மனசு ஒப்பவில்லை. சட்டப்படி யாருக்கு என்ன அதிகாரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மன்னைக்காரன் (ஞாயிறு இரவு 11.15)

அக்கா, கவலைப்படாதீங்க. அம்மாகிட்ட உங்கள் பேருக்கு ஒரு பொது பவர் (பொது அதிகாரப் பத்திரம்) எழுதி வாங்கிடுங்க. பேங்க், நிலம், ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் அது ஒன்று போதும். எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது.

தஞ்சை வக்கீல் (திங்கள் காலை 6.50)

தம்பி மன்னைக்காரன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் அது தவறு. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டம், 201வது பிரிவு. பவர் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் பவர் முடிந்துபோகிறது. இங்கிலாந்தில் நினைவு போன பிறகும் செல்லும்படியாக ஒரு பவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. அந்த இரண்டு வீட்டிலும் ஓடுகிறது என்றால், இதுவரை யாரும் கேள்வி கேட்கவில்லை என்றுதான் அர்த்தம்.

கோரையாறு அம்மா, உங்களுக்கு ஒரு விஷயம் கசப்பாக இருக்கும். வயது வந்த ஒருவருக்காக முடிவெடுக்கும் அதிகாரம் அவர் பெற்ற பிள்ளைக்கோ கட்டிய மனைவிக்கோ தானாக வருவதில்லை. மைனர் பிள்ளைக்குத் தகப்பனும் தாயும் இயற்கைக் காப்பாளர். பெற்றோருக்குப் பிள்ளை அப்படி இல்லை. மூத்த மகன் என்பதற்கும் சட்டத்தில் தனி இடம் கிடையாது. உங்கள் அண்ணனுக்கு இருக்கிற அதிகாரமும் உங்களுக்கு இருக்கிற அதிகாரமும் ஒன்றுதான், அதாவது இப்போதைக்கு இரண்டு பேருக்கும் இல்லை.

அடுத்தது. டாக்டர் அல்சைமர் என்று எழுதிவிட்டார் என்பதாலேயே உங்கள் அம்மா எதையும் முடிவு செய்ய முடியாதவர் ஆகிவிடவில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் என்பதற்குத் தரும் விளக்கத்தில் நினைவும் திசையறிவும் குலைவது வருகிறது, ஆகவே மறதி நோய் அதற்குள் அடங்கும். அதே சட்டத்தின் 3வது பிரிவு, நோய் இருப்பதை மட்டும் வைத்து ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று சொல்லக்கூடாது, அதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும் என்கிறது. 4வது பிரிவில் சிகிச்சையை முடிவு செய்யும் திறனை எப்படிப் பார்ப்பது என்று இருக்கிறது. சொல்வது புரிகிறதா, எடுக்கும் முடிவால் என்ன ஆகும் என்று தெரிகிறதா, முடிவை ஏதாவது ஒரு வகையில் சொல்ல முடிகிறதா. பேச்சாகச் சொல்லலாம், சைகையாகவும் சொல்லலாம்.

பத்திரத்துக்கு வருகிறேன். 1908 பதிவுச் சட்டம் 35வது பிரிவின்படி, எழுதிக்கொடுப்பவர் புத்தி சுவாதீனம் இல்லாதவராகத் தெரிந்தால் சார்பதிவாளர் பதிவை மறுக்க வேண்டும். பெயர் கேட்டு, ஊர் கேட்டு, ரேகை எடுத்து ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் இடத்தில் அவருக்கு அது தெரியாமலும் போகலாம். அப்போது பத்திரம் பதிவாகும். ஆனால் நிற்காது. உங்கள் கையில் தஞ்சாவூர் டாக்டர் சீட்டு இருக்கிறது, அதில் தேதியும் இருக்கிறது. அந்தத் தேதிக்குப் பின் போட்ட பத்திரத்தை உங்கள் தம்பியோ, தம்பி பிள்ளைகளோ பின்னாளில் நீதிமன்றத்தில் உடைக்கலாம்.

சம்பா72 (திங்கள் பகல் 1.30)

நான் இங்கே எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. இதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் அண்ணன் சொன்னதை அப்படியே நான் செய்தேன். அப்பாவுக்கு 81. நோய் என்று சீட்டு எதுவும் வாங்கவில்லை, ஆனால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தங்கைக்குச் சொல்லவில்லை. கல்யாணத்தில் அவளுக்கு நிறையச் செய்தாச்சு என்பது என் கணக்கு. காரில் ஏற்றும்போது அப்பா "எங்கப்பா போறோம்" என்றார். கும்பகோணத்துக்குக் கண் பார்க்க என்றேன். ஆபீஸில் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது மூன்று தடவை "டாக்டர் எப்ப கூப்பிடுவாரு" என்று கேட்டார். என் மகன் அவர் கையைப் பிடித்து வைத்தான். ரேகை விழுந்தது.

அந்த மனுஷன் வாழ்நாளெல்லாம் நிலப் பத்திரங்களை ஒரு தகரப் பெட்டியில் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார். தாய்ப் பத்திரத்தை நான் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த மறுநாளிலிருந்து அப்பா பெட்டியைத் திறந்து தேட ஆரம்பித்தார். காலையில் எங்கள் பெயரே நினைவிருக்காது. பத்திரம் இல்லை என்பது மட்டும் நினைவில் இருந்தது. "யாரோ எடுத்துட்டாண்டா, போலீஸுக்குச் சொல்லு" என்பார். என்னிடமே சொல்வார். எட்டு மாதம் தேடினார். அப்புறம் படுத்துவிட்டார்.

இப்போது தங்கை வழக்குப் போட்டிருக்கிறாள். நாலு வருடமாக நடக்கிறது. வில்லங்கச் சான்றில் வழக்கு ஏறிக்கிடக்கிறது. நிலத்தை வைத்துக் கடன் வாங்க முடியவில்லை, விற்கவும் முடியவில்லை. அவள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அண்ணனிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

கோரையாறு (திங்கள் இரவு 9.05)

ஐயா, படித்தேன். அண்ணனுக்கும் அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை.

ஓய்வு வங்கியாள் (செவ்வாய் காலை 8.20)

கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நெல் பணம் பற்றிச் சொல்கிறேன்.

கை நடுங்கிக் கையெழுத்து மாறுகிறது, படுக்கையில் இருக்கிறார் என்றால் ரிசர்வ் வங்கி வழி வைத்திருக்கிறது. ரேகை வைத்துப் பணம் எடுக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பொறுப்பான வங்கி அலுவலர். அலுவலர் வீட்டுக்கே வந்து வாங்கலாம். 70 வயது தாண்டியவர்களுக்கு வீடு தேடி வரும் சேவையும் உண்டு. ஆனால் கவனமாகக் கேளுங்கள், இது உடம்பு முடியாதவருக்கான வழி. பணம் எதற்கு, எவ்வளவு என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அலுவலர் வரும்போது அம்மா "குறுவைக்கு உழவு ஓட்ட" என்று தன் வாயால் சொன்னால் சரி. எதுவுமே புரியாத நிலைக்குப் போய்விட்டால் வங்கி நீதிமன்றத்தின் காப்பாளர் (கார்டியன்) உத்தரவைக் கேட்கும். கேட்பதுதான் நியாயம்.

புரிதல் இருக்கும்போதே அம்மா சம்மதித்தால் கணக்கைக் கூட்டுக் கணக்காக்கி, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுங்கள். மூன்று பிள்ளைகளுக்கும் தெரிந்து செய்யுங்கள். ஏடிஎம் கார்டை எடுத்துப்போய் இரகசிய எண் போட்டு எடுக்கும் வேலை வேண்டாம். நாட்டில் பாதிக் குடும்பம் அப்படித்தான் செய்கிறது, எனக்குத் தெரியும். நாளைக்கு அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபம் வந்தால் முதலில் அகப்படுவது கூட இருந்து பார்த்தவர்தான். ஒரு நோட்டு போடுங்கள். டயபர், மாத்திரை, ஆள் கூலி, உரம் எல்லாம் தேதியோடு எழுதி, ரசீதை ஒட்டி வையுங்கள்.

நர்ஸ் அக்கா (செவ்வாய் மாலை 4.45)

தங்கச்சி, ஆஸ்பத்திரி விஷயம். மேலே ஐயா சொன்ன அதே 2017 சட்டத்தில் 14வது பிரிவு இருக்கிறது, நியமனப் பிரதிநிதி. மனநல சிகிச்சை சம்பந்தமாக என் சார்பில் இன்னார் பேசட்டும் என்று நோயாளியே ஒருவரை நியமிக்கலாம். முத்திரைத்தாள், பதிவு எதுவும் வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதி அம்மா கையெழுத்தோ ரேகையோ வைத்தால் போதும். அம்மா யாரையும் நியமிக்காவிட்டாலும் உறவினர், அதற்கப்புறம் பராமரிப்பவர் என்று வரிசை அந்தப் பிரிவிலேயே உண்டு. இது மனநல சிகிச்சைக்குத்தான். காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் நெருங்கிய உறவினரிடம் கையெழுத்து வாங்குவதுதான் நடைமுறை. ஆனாலும் இந்தத் தாளைக் காட்டினால் "யார் நீங்க" என்ற கேள்வி பெரும்பாலும் அடங்கிவிடுவதை வார்டில் பார்த்திருக்கிறேன். உயிருக்கு ஆபத்து என்றால் எந்தத் தாளுக்கும் காத்திருக்காமல் சிகிச்சை தொடங்க வேண்டும். தாள் இல்லை என்று வெளியே நிறுத்தினால் விடாதீர்கள்.

அம்மாவிடம் எப்போது கேட்பது? சாயங்காலம் கேட்காதீர்கள். இந்த நோயில் பொழுது சாயும்போது குழப்பம் ஏறும். காலையில் குளித்து, இட்லி சாப்பிட்டு, வீடு அமைதியாக இருக்கும்போது கேளுங்கள். "புரியுதாம்மா" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "நான் என்ன சொன்னேன், நீங்க சொல்லுங்க" என்று அவர் வாயால் வரவழையுங்கள். இரண்டு நாள் விட்டு மறுபடி கேளுங்கள். அதே பதில் வந்தால் அது அவர் முடிவு.

ஒன்று விட்டுப்போச்சு. திடீரென்று இரண்டு நாளில் குழப்பம் அதிகமானால் மறதி நோய் முற்றிவிட்டது என்று நினைக்காதீர்கள். வயசானவர்களுக்கு மூத்திரத் தொற்று வந்தாலே புத்தி தடுமாறும், மருந்து கொடுத்தால் தெளியும். பி12, தைராய்டு பார்த்தார்களா என்றும் சீட்டில் பாருங்கள். அந்த மாதிரி நேரத்தில் எந்தத் தாளிலும் ரேகை வாங்காதீர்கள்.

கோரையாறு (வெள்ளி காலை 11.10)

அக்கா, நீங்கள் சொன்னபடி செய்தேன். புதன் காலை, அம்மா திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை அதுபாட்டுக்கு ஆய்கிறது, அதில் ஒரு தப்பும் இல்லை. "அம்மா, உனக்கு உடம்பு முடியாம போனா டாக்டர்கிட்ட யார் பேசணும்" என்று கேட்டேன். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "நீதானே ராத்திரி எழுந்து வர்ற. பெரியவன் தூங்கினா எழும்ப மாட்டான்" என்றார். இன்று காலை மறுபடி கேட்டேன். "நீ பேசு. ஊசி அதிகமாப் போடச் சொல்லாதே" என்றார். வெள்ளைத்தாளில் அவர் சொன்னபடியே எழுதி, படித்துக் காட்டினேன். பெயரை எழுதினார். கடைசி எழுத்து மட்டும் விட்டுப்போச்சு, அதன் பக்கத்தில் ரேகையும் வைத்தார்.

அப்புறம் நிலத்தைப் பற்றிக் கேட்டேன். பேசாமல் இருந்தார். "உங்கப்பா வந்ததும் கேட்டுச் சொல்றேன்" என்றார்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

தஞ்சை வக்கீல் (வெள்ளி இரவு 8.30)

அம்மா, நீங்கள் நிறுத்தியது சரி. சட்டம் பார்க்கச் சொல்வதும் இதைத்தான். தன்னை யார் கவனிப்பது என்பது உங்கள் தாயாருக்குத் தெளிவாகத் தெரிகிறது, காரணத்தோடு சொல்கிறார். அந்தத் தாள் அவருடைய முடிவு. நிலத்தில் அவர் இருக்கும் காலம் வேறு, அங்கே உங்கள் அப்பா உயிரோடு இருக்கிறார். அந்த மனநிலையில் வாங்கும் ரேகை அவருடையது ஆகாது. இதே பதிலை அண்ணன் கேட்டிருந்தால் அவரும் பத்திரம் பேச மாட்டார் என்று நினைக்கிறேன்.

பாமணி (சனி காலை 7.00)

அப்போ நிலத்துக்கு என்னதான் வழி? எங்கள் அத்தைக்கு இதே நிலைமை. கலெக்டர் தலைமையில் ஒரு குழு இருக்கிறது, அங்கே கார்டியன் சான்று தருவார்கள் என்று ஒருவர் சொல்லி மூன்று தடவை பஸ் ஏறி அலைந்தோம். கடைசியில் உங்களுக்குப் பொருந்தாது என்று அனுப்பிவிட்டார்கள்.

தஞ்சை வக்கீல் (சனி காலை 9.40)

அது 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் உள்ளூர்க் குழு. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் இவற்றுக்கு மட்டும். முதுமையில் வரும் மறதி நோய் அதில் இல்லை. உங்களை முதல் தடவையே அப்படிச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

1987ஆம் வருட மனநலச் சட்டத்தில் மாவட்ட நீதிமன்றம் விசாரித்து, சொத்தைப் பார்த்துக்கொள்ள மேலாளரை நியமிக்கும் வழி இருந்தது. 2017 சட்டம் வந்து அதை ரத்து செய்தபோது சிகிச்சை உரிமைகளை விரிவாக எழுதினார்கள், சொத்தைப் பற்றிய அத்தியாயத்தை மட்டும் திரும்ப எழுதவில்லை. அந்த ஓட்டையில்தான் இத்தனை குடும்பங்கள் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 14வது பிரிவில் வரையறுக்கப்பட்ட காப்பாளர் என்று ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவரோடு கலந்து முடிவெடுக்க. நல்ல யோசனை. நிலம், வீடு என்று வரும்போது குடும்பங்கள் பெரும்பாலும் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகின்றன.

அரசியலமைப்பு 226வது பிரிவின் கீழ் ரிட் மனு (உயர் நீதிமன்றத்திடம் நேரடியாக உத்தரவு கேட்கும் மனு) போட வேண்டும். தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத குடிமகனுக்குப் பெற்றோர் இடத்தில் நீதிமன்றம் நிற்கும் என்பது கொள்கை. 2019இல் கேரள உயர் நீதிமன்றம் கோமா நோயாளிகளுக்காக இதற்கு நெறிமுறைகள் வகுத்தது. 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு, கோமாவில் இருந்த ஒருவரின் மனைவியைக் காப்பாளராக நியமித்துச் சொத்தை விற்க அனுமதித்தது. முன்னதாக ஒரு தனி நீதிபதி சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லியிருந்தார். அமர்வு அதை மாற்றியது. வரும் பணத்தில் 50 லட்சத்தைக் கணவர் பெயரில் வைப்பாகப் போடவும் உத்தரவிட்டது. பணம் நோயாளியுடையது, காப்பாளருடையது இல்லை என்பதுதான் அதில் முக்கியம்.

நம் பகுதியில் ஒரு சிக்கல் உண்டு. தஞ்சாவூர் மாவட்டம் என்றால் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்றால் சென்னை. கோரையாறு அம்மாவுக்கு, ஆகவே, சென்னை. டாக்டர் அறிக்கை, சொத்து விவரம், பிள்ளைகள் எல்லோருடைய சம்மதம் மூன்றையும் தயார் செய்யுங்கள். நீதிமன்றம் மருத்துவக் குழு அறிக்கை கேட்கலாம். வருவாய்த்துறை வழியாக வீட்டில் வந்து விசாரிக்கவும் சொல்லலாம். தம்பி சிங்கப்பூரில் இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பலாம். நிலத்தை விற்கப்போவதில்லை, சாகுபடியும் வங்கிக் கணக்கும்தான் என்றால் அதை மட்டும் கேளுங்கள்.

சம்பா72 ஐயா, உங்களுக்கும் ஒன்று. தங்கையோடு சமரச மையத்தில் உட்காருங்கள். நீங்கள் இங்கே எழுதியதை அவரிடம் சொன்னால் வழக்கு பாதி முடிந்தது.

வெண்ணாறு (சனி மதியம் 2.15)

2007 மூத்த குடிமக்கள் சட்டத்தை யாரும் சொல்லவில்லையே. கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம். பராமரிப்புத் தொகை மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். அம்மாவால் மனு போட முடியாவிட்டால் அவர் அங்கீகரித்த வேறு ஒருவர் போடலாம், தீர்ப்பாயம் தானாகவும் எடுக்கலாம். பார்த்துக்கொள்வார் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்து, வாங்கியவர் பார்க்காமல் விட்டால் 23வது பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம். நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால் நல்லது, இல்லாமல் போய் உச்ச நீதிமன்றம் வரை இழுபட்ட வழக்குகள் உண்டு. எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் 14567 முதியோர் உதவி எண். நான் இரண்டு தடவை பேசியிருக்கிறேன், பொறுமையாகச் சொன்னார்கள்.

கோரையாறு (ஆறு வாரம் கழித்து, ஞாயிறு இரவு 9.30)

எல்லோருக்கும் நன்றி. ஆனி முகூர்த்தம் போய்விட்டது. அண்ணன் அதற்கு முந்தின வாரம் வந்தார். சம்பா72 ஐயா எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று நாள் தங்கினார். முதல் நாள் இரவு அம்மா இரண்டு மணிக்கு எழுந்து கதவைத் திறக்கப் போனபோது அவர்தான் எழுந்தார். "இது தினமுமா" என்று காலையில் கேட்டார். கிளம்பும்போது நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, இனி ஆள் கூலி என் பொறுப்பு என்றார்.

வங்கியிலிருந்து வீட்டுக்கே வந்தார்கள். "எதுக்கும்மா பணம்" என்று கேட்டதற்கு அம்மா "நாத்து விட வேணாமா" என்றார். எங்கள் மூன்று பேர் கடிதத்தோடு கூட்டுக் கணக்கு விண்ணப்பமும் கொடுத்திருக்கிறோம். குறுவை நடவு பத்து நாள் தாமதமாக முடிந்தது. தம்பி தூதரகத்துக்கு நாள் வாங்கிவிட்டான். நிலத்தை எழுதும் பேச்சு இல்லை, அம்மா காலம் வரை அது அம்மா பெயரிலேயே இருக்கும்.

போன வாரம் பதினெட்டாம் பெருக்கு. அம்மாவை ஆற்றுக்கு அழைத்துப் போகலாமா என்று பயமாக இருந்தது. அண்ணியும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்துப் படியில் உட்கார வைத்தோம். காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் எல்லாம் எதற்குப் பின் எது என்று அம்மாதான் எங்களுக்குச் சொன்னார். அண்ணி தப்பாக வைத்ததை எடுத்து மாற்றி வைத்தார்.

வக்கீல் ஐயா, ஒரு சந்தேகம். அண்ணன் கொடுக்கிற சம்மதத்தை வெறும் கடிதமாகக் கொடுத்தால் போதுமா, நோட்டரியிடம் பிரமாணப் பத்திரமாகப் போட வேண்டுமா? ஆவணிக்குள் மனுவைக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறோம்.

தஞ்சை வக்கீல் (ஞாயிறு இரவு 10.10)

பிரமாணப் பத்திரமாகவே போடுங்கள். அண்ணன், தம்பி தனித்தனியாக. டாக்டர் சீட்டு தை மாதத்தோடு நிற்கிறது, புதிதாக ஒன்று வாங்கி வையுங்கள். அம்மா கையெழுத்துப் போட்ட அந்த வெள்ளைத்தாளையும் இணைப்பில் சேருங்கள்.